சோலார் மின்சாரம் 17 ரூபாயிலிருந்து 2 ரூபாய்க்கு வந்தது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டில் சூரிய மின்சாரச் சந்தை வளர்வதற்கு எது முக்கியம்? அரசின் கொள்கையா, முதலீடா, தொழில்நுட்பமா? இந்தியாவில் 2010ல் யூனிட் 17 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போடப்பட்ட மின்சாரம் பத்தே வருடத்தில் 2 ரூபாய்க்கு ஏலம் போனதே, அந்தப் பெருமை யாருக்குப் போக வேண்டும்?

மின் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். அதனால் என் பதில் கொஞ்சம் வங்கிப் பக்கமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேனல் விலை விழுந்ததில் இந்தியாவுக்குப் பங்கு குறைவு. இந்தியா செய்த வேலை வேறு. மின்சாரம் வாங்குகிறவர் 25 வருடமும் பில்லைக் கட்டுவார் என்று கடன் கொடுப்பவர்களை நம்ப வைத்தது. அந்த நம்பிக்கை வந்த இடங்களில் சந்தை வளர்ந்தது, வராத இடங்களில் அறிவிப்போடு நின்றது.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அனல்மின் நிலையத்துக்கு மாதாமாதம் நிலக்கரி வாங்க வேண்டும். சோலாருக்கு எரிபொருள் செலவே கிடையாது. கிட்டத்தட்ட மொத்தச் செலவும் முதல் நாளே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் செலவு என்றால் முக்கியமாக வட்டிதான். தோராயமாக வைத்துக்கொள்வோம்: ஒரு மெகாவாட் அமைக்க 4 கோடி ரூபாய், வருடத்துக்கு 20 லட்சம் யூனிட் உற்பத்தி, ஆயுள் 25 வருடம். பராமரிப்பு, வரி எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். போட்ட பணத்துக்கு வருடம் 8 சதவீதம் போதும் என்றால் யூனிட்டுக்கு சுமார் 1.87 ரூபாய் வந்தால் கட்டுபடியாகும். 11 சதவீதம் வேண்டும் என்றால் 2.37. 14 சதவீதம் என்றால் 2.91. அதே பேனல், அதே வெயில், அதே நிலம்தான். பணம் போடுகிறவரின் பயம் மட்டும் கூடுகிறது, விலையில் ஒரு ரூபாய்க்கு மேல் ஏறிவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2010க்குப் போகலாம். அந்த ஜனவரியில் மன்மோகன் சிங் அரசு ஜவஹர்லால் நேரு தேசிய சூரியசக்தி இயக்கத்தைத் தொடங்கியது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. அன்று நாட்டில் மின்கட்டமைப்போடு இணைந்த சோலார் மிகச் சொற்பம் என்பதால் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-11க்குக் கணக்கிட்ட சோலார் விலைதான் அந்த 17.91 ரூபாய். எந்த மாநில மின்வாரியம் அந்த விலைக்கு வாங்கும்? ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடும் வாரியங்கள்.

அங்கேதான் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு வந்தது. தேசிய அனல்மின் கழகமான என்டிபிசியின் மின் வணிகத் துணை நிறுவனம் சோலார் மின்சாரத்தை வாங்கும். மத்திய அரசின் கையில் யாருக்கும் ஒதுக்காமல் இருக்கும் பழைய நிலக்கரி நிலையங்களின் மின்சாரத்தை மெகாவாட்டுக்கு மெகாவாட் அதோடு சேர்க்கும். இரண்டையும் ஒரே கட்டாக மாநிலங்களுக்கு விற்கும். நிலக்கரி நிலையம் இரவும் பகலும் ஓடுவதால், ஒரு மெகாவாட் சோலார் ஒரு யூனிட் தரும் நேரத்தில் அது நான்கு யூனிட் அளவுக்குத் தரும். சோலார் 12 ரூபாய், நிலக்கரி 3 ரூபாய் என்று வைத்தால் ஐந்து யூனிட்டுக்கு 24 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழே. மாநிலத்துக்கு அது வாங்கக்கூடிய விலை. பெரிய மானியம் எதையும் பட்ஜெட்டில் காட்ட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இந்திய மின்துறையில் அதிகம் பேசப்படாத நல்ல யோசனைகளில் இது ஒன்று.

இரண்டாவது முடிவு, 17.91 ரூபாயை அப்படியே கொடுக்காமல் அதை உச்சவரம்பாக வைத்து, யார் அதிகத் தள்ளுபடி தருகிறார்களோ அவர்களுக்கே திட்டம் என்று ஏலம் விட்டது. முதல் சுற்றில் 150 மெகாவாட்டுக்குக் கேட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குறைந்தபட்சக் கேட்பு 10.95 ரூபாய். 2011 டிசம்பரில் நடந்த அடுத்த சுற்றில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் 7.49 என்றது. ஒரு வருடத்தில் இவ்வளவு இறக்கம். இந்த விலையில் கட்டவே முடியாது என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை. பெரும்பாலான திட்டங்கள் கட்டப்பட்டன.

அதே முதல் சுற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பேனல் திட்டங்களுக்கு 150 மெகாவாட் ஒதுக்கிய அரசு, கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவியில் டர்பைன் ஓட்டும் சூரிய வெப்ப நிலையங்களுக்கு 470 மெகாவாட் ஒதுக்கியது. அன்றைக்கு நிபுணர்களில் பலர் அதுதான் எதிர்காலம் என்று நினைத்தார்கள். கடைசியில் அதில் பாதிகூட வந்து சேரவில்லை. ராஜஸ்தானிலும் ஆந்திராவிலும் சில நிலையங்கள் எழுந்தன, அவ்வளவுதான். தொழில்நுட்பத்தை அரசு முன்கூட்டியே தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். நல்ல வேளையாக இரண்டு வழியையும் திறந்துவைத்திருந்தார்கள்.

இதே காலத்தில் குஜராத் வேறு பாதையில் போனது. தேசிய இயக்கத்துக்கு ஒரு வருடம் முன்பே, 2009ல், தனக்கென்று ஒரு சோலார் கொள்கை போட்டது. ஏலம் இல்லை. முதல் 12 வருடம் யூனிட்டுக்கு 15 ரூபாய், அடுத்த 13 வருடம் 5 ரூபாய் என்று நிலையான விலை. 2012 ஏப்ரலில் பாட்டன் மாவட்டத்துச் சாரங்காவில் சோலார் பூங்கா திறக்கப்பட்டது. நிலம், சாலை, தண்ணீர், துணை மின் நிலையம் எல்லாம் அரசு செய்து கொடுத்தது. நிறுவனங்கள் பேனலோடு வந்தால் போதும். முதலீட்டாளர்கள் அங்கே ஓடியதற்கு விலை ஒரு காரணம். இன்னொன்று, குஜராத்தின் மின் பகிர்மான நிறுவனங்கள் பில்லை ஒழுங்காகக் கட்டும் என்ற பெயர். பின்னாளில் விலை உலகமெங்கும் இறங்கியபோது, இந்த 15 ரூபாய் அதிகம், குறைக்க வேண்டும் என்று அரசு நிறுவனமே ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று மனு தள்ளுபடியானது. குஜராத் மக்கள் அதிக விலை கொடுத்தார்கள் என்பது உண்மை. அந்தத் தீர்ப்பால் இந்தியா முழுக்க அடுத்து வந்த திட்டங்களுக்கு வட்டி குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஆந்திரா. 2019ல் ஆட்சி மாறியதும், முந்தைய அரசு கையெழுத்திட்ட சோலார், காற்றாலை ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கப் பேச்சுவார்த்தைக் குழு ஒன்றை அந்த ஜூலையில் அமைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்கால ஏற்பாடாகச் சோலாருக்கு 2.44 ரூபாய் மட்டும் கட்டும்படி உத்தரவு வந்தது. கடன் தவணையோ பழைய விலையை நம்பி நிர்ணயிக்கப்பட்டது. 2022 மார்ச்சில்தான் இரு நீதிபதிகள் அமர்வு ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொன்னது. இடைப்பட்ட மூன்று வருடத்தில் ஆந்திரா என்ற பெயரைக் கேட்டாலே கடன் குழுக் கூட்டங்களில் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்கள். மாநில அரசு மிச்சம் பிடிக்க நினைத்தது சில்லறை, இழந்தது அதைவிடப் பெரிது.

சரி, எல்லா மாநிலமும் குஜராத் ஆகாது. தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்களைக் கேட்டால் தெரியும், மின்வாரியத்திடமிருந்து பணம் வர மாதக்கணக்கில் காத்திருந்த கதைகள் நிறைய. அப்படிப்பட்ட வாங்குபவர்களை வைத்துக்கொண்டு மலிவு வட்டிக்குக் கடன் வாங்குவது எப்படி? 2011ல் தொடங்கப்பட்ட இந்திய சோலார் எரிசக்திக் கழகம், அதாவது செகி, இதற்கான பதில். செகி ஏலம் விடும், நிறுவனங்களிடமிருந்து 25 வருட ஒப்பந்தத்தில் வாங்கும், மாநிலங்களுக்கு விற்கும். நடுவில் யூனிட்டுக்கு 7 காசு எடுத்துக்கொள்ளும். மாநிலம் பணம் கட்டாவிட்டால்? மத்திய அரசு, மாநில அரசு, ரிசர்வ் வங்கி மூவரும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி மாநில அரசின் கணக்கிலிருந்தே நிலுவையைக் கழித்துக்கொள்ளலாம். என்டிபிசி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு முன்பே இருந்த இந்தப் பாதுகாப்பைச் செகிக்கும் நீட்டித்தார்கள். 7 காசுக்கு இதைவிட நல்ல காப்பீடு உலகத்தில் கிடைக்குமா என்று தெரியவில்லை. கடன் கொடுப்பவர் இப்போது பார்ப்பது ஏதோ ஒரு நஷ்ட வாரியத்தின் கையெழுத்தை அல்ல, ஏறக்குறைய இந்திய அரசின் கையெழுத்தை.

இந்த யோசனை எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது 2017 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்து ரேவா. 750 மெகாவாட். இரவும் பகலுமாக நடந்த ஏலம் முதல் வருட விலையாக 2.97 ரூபாயில் வந்து நின்றது. மூன்று ரூபாய்க்குக் கீழே சோலார் என்பதை அதுவரை இந்தியாவில் யாரும் பார்த்ததில்லை. ரேவாவில் வெயில் அப்படி ஒன்றும் விசேஷம் கிடையாது, ராஜஸ்தானில் இன்னும் அதிகம். விசேஷம் ஒப்பந்தத் தாள்களில் இருந்தது. பணம் வராவிட்டால் முதலில் வங்கி உறுதிக் கடிதம், அது போதாவிட்டால் தனியாக ஒரு நிதி, அதற்கும் மேலே மாநில அரசின் உத்தரவாதம் என்று மூன்று அடுக்குப் பாதுகாப்பு. மின்வழித்தடம் தயாராக இல்லாததால் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தால் அதற்கும் இழப்பீடு. வாங்குகிறவர்களில் ஒருவர் டெல்லி மெட்ரோ. மத்தியப் பிரதேசத்து வெயிலில் டெல்லி ரயில் ஓடுகிறது. அதே வருடம் மே மாதம் ராஜஸ்தானின் பட்லா பூங்காவில் விலை 2.44க்குப் போனது.

பட்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய ஜோத்பூர் மாவட்டத்தில் பாலைவனத்தின் நடுவே 2,245 மெகாவாட். புழுதி பறக்கும் இடம், பேனலைக் கழுவத் தண்ணீர் கிடையாது. அதனால் தண்ணீரே இல்லாமல் துடைக்கும் ரோபோக்கள் ராத்திரியில் வரிசை வரிசையாக ஓடுகின்றன. கர்நாடகத்தின் பாவகடாவில் சிக்கல் வேறு மாதிரி. வறட்சியில் காய்ந்த ஊர்கள், சுமார் 13,000 ஏக்கர், எல்லாம் விவசாயிகள் பெயரில். நிலத்தை விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய்க் குத்தகை என்று முடித்தார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. நிலம் வைத்திருந்தவருக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருமானம். அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவருக்கு அந்தக் குத்தகையில் பங்கு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது தொழில்நுட்பம். பேனல் விலை 2008 வாக்கில் ஒரு வாட்டுக்கு 4 டாலர் அளவில் இருந்தது, 2024ல் சீனாவிலிருந்து 10 சென்ட் அளவுக்குக் கிடைத்தது. இந்த வீழ்ச்சிக்கு முதல் பணம் போட்டவர்கள் ஜெர்மானியர்கள். 2000ல் அவர்கள் கொண்டுவந்த சட்டம், கூரையில் பேனல் வைப்பவருக்கு இருபது வருடத்துக்கு நிலையான நல்ல விலை கொடுத்தது. அந்தத் தேவையை நம்பித்தான் சீனாவில் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆராய்ச்சியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி ஜெங்ரோங்தான் பின்னர் சீனாவில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஜெர்மானியர்கள் மின் கட்டணத்தில் கொடுத்த பணம், ஆஸ்திரேலியர்கள் கண்ட வழி, சீனர்கள் கட்டிய ஆலை. இந்த மூன்றும் சேர்ந்து விலையை அடித்து நொறுக்கிய நேரத்தில் இந்தியா கடைக்குப் போனது. ஐந்து வருடம் முன்னால் போயிருந்தால் 20 ஜிகாவாட்டுக்கே, அதாவது அந்த 20,000 மெகாவாட்டுக்கே, திவாலாகியிருப்போம். தாமதமாக வந்ததும் ஒரு வகையில் கொள்கைதான், தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ.

விலை மட்டும் மாறவில்லை. 2010 வாக்கில் 230, 250 வாட் இருந்த பேனல் இன்று 550 வாட்டுக்கு மேல். பின்பக்கமும் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தை வாங்கும் இருமுகப் பேனல்கள் வந்தன. காலையில் கிழக்கே பார்த்து மாலையில் மேற்கே திரும்பும் டிராக்கர்கள் பெரிய திட்டங்களில் சகஜமாகிவிட்டன. அதே நிலத்தில் அதே முதலீட்டில் யூனிட் கூடுகிறது, மேலே போட்ட கணக்கில் வகுக்கும் எண் பெரிதாகிறது.

2015ல் மோடி அரசு 20 ஜிகாவாட் இலக்கை 100 ஆக உயர்த்தியது: தரையில் 60, கூரையில் 40. 2022 கடைசியில் கையில் இருந்தது சுமார் 63 ஜிகாவாட். தரை இலக்கு கிட்டத்தட்ட வந்துவிட்டது. கூரையில் 40க்குக் கால்வாசிகூட வரவில்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் விளங்கும். ஒரே பேனல், ஒரே நாடு, ஒரே அரசு. தரையில் செகி நடுவில் நின்றது. கூரையில் யார் நின்றார்கள்?

யாரும் இல்லை. கூரைச் சோலாரை அனுமதிக்க வேண்டியவர் உள்ளூர் மின் பகிர்மான நிறுவனம். அதில் நஷ்டமாகப் போகிறவரும் அவரே. இந்தியாவில் கடைகளும் தொழிற்சாலைகளும் அதிகம் செலவழிக்கும் வீடுகளும் கூடுதல் கட்டணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தில்தான் விவசாயத்துக்கும் ஏழை வீடுகளுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ மின்சாரம் போகிறது. கூரையில் பேனல் போட முன்வருகிறவர் யார்? அந்தக் கூடுதல் கட்டணம் கட்டுகிறவர். அவர் போய்விட்டால் வாரியத்தின் நல்ல வாடிக்கையாளர் போகிறார். பிறகு மீட்டர் மாற்ற ஆள் வரவில்லை, மென்பொருள் வேலை செய்யவில்லை, விண்ணப்பம் எங்கோ நிற்கிறது என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? யாரும் சதி செய்யவில்லை, அவசரப்பட யாருக்கும் காரணம் இல்லை.

நம் ஊர்க் கணக்கையே பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைப்பது வழக்கம். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் குறைந்த அடுக்குகளில் மானியம். இரு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குப் பேனல் போட்டு மிச்சமாவது மிகக் குறைவு. 1,000 யூனிட் தாண்டும் வீட்டுக்கோ சில வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஆக நடுத்தர வீட்டில் கூரைச் சோலார் பரவாததற்கு விழிப்புணர்வுக் குறைவைக் காரணம் சொல்வது சரியில்லை. மக்கள் நன்றாகக் கணக்குப் போடுகிறார்கள்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் இந்தக் கணக்கை மாற்றப் பார்க்கிறது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம், அதுவும் நேராக வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு. கூடவே அடமானம் இல்லாமல் குறைந்த வட்டிக் கடன். வேகம் கூடியிருப்பது உண்மை. முன்னே ஓடுவது எது என்று பார்த்தால் மறுபடியும் குஜராத். 2019லேயே வீட்டுக் கூரைக்கென்று தனித் திட்டம் போட்டு, வேலை செய்கிற ஒப்பந்ததாரர்களையும் மீட்டர் மாற்றும் நடைமுறையையும் பழக்கிவைத்திருந்தார்கள்.

உற்பத்தி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இந்தியாவின் நிலைப்பாடு ஆட்டம் கண்டபடியே இருந்தது. 2010 இயக்கத்தில் உள்நாட்டில் செய்த பேனல்தான் வேண்டும் என்ற விதி இருந்தது, ஆனால் சிலிக்கான் வகைக்கு மட்டும். கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசிச் செய்யும் மெல்லிய படலப் பேனலுக்கு விலக்கு. அமெரிக்க ஏற்றுமதி வங்கியின் மலிவுக் கடனோடு அந்த வகைப் பேனல்கள் அமெரிக்காவிலிருந்து இறங்கின. அப்படியும் அமெரிக்கா அந்த விதியை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோய் 2016ல் ஜெயித்தது. பிறகு 2018ல் உள்நாட்டு ஆலைகளைக் காக்க இறக்குமதிக்குப் பாதுகாப்பு வரி, 2022 ஏப்ரலில் பேனலுக்கு 40 சதவீத இறக்குமதி வரி, அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளர் பட்டியல், உற்பத்திக்கு ஊக்கத்தொகை. 2020 நவம்பரில் ராஜஸ்தான் திட்டங்களுக்கு வந்த அந்தப் புகழ்பெற்ற 2 ரூபாய்க் கேட்பு, இந்த 40 சதவீத வரிக்கு முந்தைய சந்தையில் வந்தது. அடுத்த மாதமே குஜராத்தில் 1.99. அதற்கப்புறம் விலை ஏறியது, இன்றுவரை அந்த அடிமட்டத்துக்குத் திரும்பவில்லை. வரியின் பலன் இப்போது தெரிகிறது: 2025 ஆகஸ்டில் அங்கீகரிக்கப்பட்ட பேனல் ஆலைகளின் திறன் 100 ஜிகாவாட்டைத் தாண்டியது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாட்டா ஆலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை. ஒரு காலத்தில் விதிவிலக்கில் இறங்கிய அதே மெல்லிய படலப் பேனலை அந்த அமெரிக்க நிறுவனம் 2024லிருந்து இங்கேயே செய்கிறது. ஆனால் பேனலுக்கு உள்ளே போகும் செல்லில் நம் திறன் இன்னும் வெகு குறைவு, அதற்கும் அடிப்படையான சிலிக்கானில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு ஆலையை வாங்கியிருக்கிறோம். அது சரியான பேரமா என்பதில் இந்தத் துறையிலேயே இரண்டு கட்சி உண்டு. நான் சரி என்ற கட்சி, ஆனால் வருடத்துக்கொரு முறை விதியை மாற்றியதற்கு மன்னிப்பே கிடையாது.

வேறு நாடுகள் இதைச் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். வியட்நாம் ஏலம் விடாமல் யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று தாராள விலையும் ஒரு கடைசித் தேதியும் வைத்தது. எல்லோரும் தேதிக்குள் முடிக்க ஓடினார்கள். 2020 கடைசியில் 16 ஜிகாவாட்டைத் தாண்டிய சோலார், அதை ஏற்றிச்செல்ல மின்வழித்தடம் இல்லாமல் பகலில் அணைத்துவைக்கும் நிலை. பாகிஸ்தானில் இன்னும் வேடிக்கை. அரசு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மின் கட்டணத்தைத் தாங்கமுடியாமல் மக்களே 2024 ஒரே வருடத்தில் சுமார் 17 ஜிகாவாட் சீனப் பேனல்களை இறக்கிவிட்டார்கள். கொள்கை இல்லாமலும் சந்தை வளரும் என்பதற்கு அது சாட்சி. அப்படி வளர்ந்தால் மின்வாரியத்தின் கணக்கு என்னவாகும் என்பதற்கும் சாட்சி. இலங்கையில் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத் தேவை குறைந்ததால் கூரைச் சோலார்களைப் பகலில் அணைத்துவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது.

இந்தியாவும் அந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் மொத்தச் சோலார் 100 ஜிகாவாட்டைத் தொட்டது, 2022 என்ற இலக்கு முடிந்து இரண்டு வருடம் பிந்தி. ஆனால் அதே 2025ல், ஏலத்தில் ஜெயித்தும் வாங்க மாநிலம் கிடைக்காமல் ஒப்பந்தமாகாத திட்டங்கள் 40 ஜிகாவாட்டுக்கு மேல் நின்றன. மாநிலங்களைக் குறை சொல்ல முடியாது. மதியம் 12 மணிக்கு அவர்களிடம் மின்சாரம் நிறைய இருக்கிறது. வேண்டியது மாலை ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் ஓடும் நேரத்தில். ஐந்து வருடத்தில் சோலார் இன்னும் மலிவாகும், பொறுத்து வாங்கலாமே என்ற எண்ணமும் உண்டு. செகி பணத்துக்கு உத்தரவாதம் தர முடியும். தேவையை உண்டாக்க அதால் முடியாது.

அதனால் ஏலத்தின் வடிவமே மாறிவருகிறது. 2024 டிசம்பரில் செகி 2,000 மெகாவாட் சோலாரோடு 1,000 மெகாவாட் பேட்டரியையும் சேர்த்து ஏலம் விட்டது, நான்கு மணி நேரம் கொடுக்கக்கூடிய பேட்டரி. விலை 3.52 ரூபாய். மாலையிலும் கிடைக்கும் சோலார் மின்சாரத்துக்கு அது மோசமான விலை இல்லை, புது நிலக்கரி நிலையம் கட்டினால் இதைவிட அதிகம் ஆகும். தனியாகப் பேட்டரி மட்டும் வாடகைக்கு விடும் ஏலங்களும் நடக்கின்றன. இதில் யூனிட்டுக்கு விலை இல்லை, தயார் நிலையில் வைத்திருப்பதற்கு ஒரு மெகாவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. 2022ல் செகி நடத்திய இரண்டு மணி நேரப் பேட்டரி ஏலத்தில் அது 10.83 லட்சம். 2024 மார்ச்சில் குஜராத்தில் 4.49 லட்சம். அதற்கப்புறமும் இறங்கியது.

இந்த வேகம் 2011ன் 7.49 ரூபாயை நினைவூட்டுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பேனல் 25 வருடம் உழைக்கும் என்பதற்குப் பழைய பேனல்களே ஆதாரம். இந்திய வெயிலில், தினமும் ஏற்றி இறக்கினால், பேட்டரியின் திறன் பத்தாவது வருடத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அப்படிப்பட்ட பழைய நிலையங்கள் இங்கே இல்லை. குறைந்த விலைக்குக் கேட்டு ஜெயித்தவர்களில் பேட்டரிக் கட்டுமானத்தையே முதல்முறையாகத் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது என் மேசைக்கு வரும் கோப்புகளில் வாங்குபவரின் கையெழுத்தைப் பார்த்து முடித்ததும் நான் புரட்டும் பக்கம், பேட்டரி தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் உத்தரவாதக் கடிதம்தான்.